கேப்சூல் மேல் விழுந்த பழி

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதி, புராஸ்டேட் மாத்திரையையும் மஞ்சள் காமாலையையும் முடிச்சுப் போட்டுக் கேட்டவை. காரணம் நான்தான். போன இதழில் ஒரு பதிலுக்கு நடுவே, "ஆல்ஃபா பிளாக்கர் வகை மருந்துகளால் மிக அரிதாகப் பித்தநீர் தேங்கி மஞ்சள் காமாலை வரலாம்" என்று ஒரு வரி எழுதியிருந்தேன். இங்கே பேசப்போகும் புராஸ்டேட் மாத்திரைகள் இந்த வகைதான். "மிக அரிதாக" என்பதை மட்டும் எல்லோரும் தாண்டிப் போய்விட்டார்கள். முப்பத்தோரு வருடம் மருந்தியல் பாடம் நடத்தினேன். என் மாணவர்களும் விடைத்தாளில் அந்த இரண்டு சொற்களைத்தான் விட்டுவிட்டு வருவார்கள். சரி, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

வணக்கம் டாக்டர் அம்மா. என் அப்பாவுக்கு 71 வயது. புராஸ்டேட் வீக்கத்துக்காக இரண்டு வருடமாக இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு டாம்சுலோசின் 0.4 மில்லிகிராம் கேப்சூல் ஒன்று சாப்பிடுகிறார். பத்து நாளாகக் கண் மஞ்சளாக இருக்கிறது, உடம்பெல்லாம் அரிப்பு, மலம் வெளுத்துப் போகிறது. பிலிருபின் 9.2, எஸ்.ஜி.பி.டி. 110, அல்கலைன் பாஸ்பட்டேஸ் 480. உங்கள் பதிலைப் படித்த சித்தப்பா, கேப்சூல்தான் பித்தத்தை அடைக்கிறது என்று நிறுத்தச் சொல்லிவிட்டார். நிறுத்தி நான்கு நாள் ஆகிறது. இப்போது இரவில் ஐந்தாறு தடவை எழுந்து முக்குகிறார், சொட்டுச் சொட்டாகத்தான் போகிறது. வேறு மருந்து எதுவும் சாப்பிடவில்லை. போன மாதம் பல் வீக்கத்துக்கு ஒரு வாரம் ஆன்டிபயாடிக் சாப்பிட்டார், அவ்வளவுதான்.
— ஒரு மகள், மன்னார்குடி

கடிதம் அச்சேறி உங்கள் கைக்கு வர ஒரு மாதம் ஆகும். அதுவரை அப்பாவின் மூத்திரப்பை காத்திருக்காது என்பதால் அன்றைக்கே உங்களைத் தொலைபேசியில் பிடித்துவிட்டேன். பேசியதை உங்கள் சம்மதத்தோடு இங்கே எழுதுகிறேன், மற்றவர்களுக்கும் பயன்படும்.

முதலில் அவசரம். புராஸ்டேட் வீங்கியவருக்கு இந்தக் கேப்சூல் மூத்திரப்பையின் கழுத்துத் தசையைத் தளர்த்தி வழிவிடுகிறது. திடீரென்று நிறுத்தினால் வழி மறுபடி இறுகும். சொட்டுச் சொட்டாகப் போவது முழு அடைப்பாக மாறி அடிவயிறு கல் மாதிரி ஆகிவிட்டால், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அந்த இரவே மருத்துவமனைக்குப் போய்க் குழாய் போட்டுக்கொள்ள வேண்டும். சித்தப்பாவுக்கு அண்ணன் மேல் இருக்கும் அக்கறை புரிகிறது. ஆனால் பத்திரிகை படித்து மருந்தை நிறுத்தக் கூடாது, என்னுடைய பத்தியே ஆனாலும்.

இரண்டாவது, எண்கள். பிலிருபின்தான் கண்ணை மஞ்சளாக்கும் நிறமி, மற்ற இரண்டும் கல்லீரல் நொதிகள். மஞ்சள் காமாலை என்று ஒரே பெயர் இருந்தாலும் உள்ளே நடப்பது இரண்டு விதம். ஒன்றில் கல்லீரல் செல்லே சாகிறது, எஸ்.ஜி.பி.டி. ஆயிரத்தைத் தாண்டும். மற்றதில் செல் ஓரளவு பிழைத்திருக்கிறது, ஆனால் அது சுரக்கும் பித்தநீர் வெளியே போக முடியாமல் தேங்குகிறது. அப்போது அல்கலைன் பாஸ்பட்டேஸ்தான் எகிறும். பிரித்தறிய ஒரு வகுத்தல் கணக்கு உண்டு. அப்பாவின் எஸ்.ஜி.பி.டி. 110, அந்த ஆய்வகம் இயல்பு என்று வைத்திருக்கும் உச்ச அளவு 40. ஆக 2.75 மடங்கு. பாஸ்பட்டேஸ் 480, உச்ச அளவு 120, ஆக 4 மடங்கு. 2.75-ஐ 4-ஆல் வகுத்தால் 0.7-க்குக் கொஞ்சம் குறைவு. விடை 5-ம் அதற்கு மேலும் என்றால் செல் பாதிப்பு, 2-ம் அதற்குக் கீழும் என்றால் பித்தத் தேக்கம், நடுவில் இருந்தால் கலப்பு. அப்பாவுடையது சந்தேகமில்லாத தேக்கம். மலம் களிமண் நிறத்தில் போவதும், மூத்திரம் டிகாக்‌ஷன் நிறத்தில் போவதும், தூங்கவிடாத அரிப்பும் அதைத்தான் சொல்கின்றன. மலத்துக்கு நிறம் தரும் பொருள் குடலுக்கு வரவில்லை, வேறு வழியில்லாமல் மூத்திரத்தில் இறங்குகிறது.

தேக்கம் என்று தெரிந்தால் அடுத்த கேள்வி, அடைப்பு குழாயிலா, கல்லீரலுக்கு உள்ளேயா என்பது. எழுபது வயதில் பித்தநாளத்தில் கல் விழுந்திருக்கலாம். கணையத்தின் தலைப்பகுதியில் கட்டி வந்து நாளத்தை நெரிக்கலாம், அது பெரும்பாலும் வலியே இல்லாமல் வரும். அதனால் எந்த மாத்திரை மேலும் பழி போடுவதற்கு முன்னால் வயிற்று ஸ்கேன். இதைத்தான் முதலில் செய்யச் சொன்னேன். மறுநாளே எடுத்தீர்கள். நாளம் விரியவில்லை, கல் இல்லை, கணையமும் சுத்தம்.

இப்போதுதான் மருந்துகளின் முறை. மருந்தால் வந்த கல்லீரல் நோயை உறுதி செய்ய ரத்தப் பரிசோதனை எதுவும் கிடையாது. இருப்பதெல்லாம் நாள்காட்டி ஒன்றுதான். எந்தத் தேதியில் எந்த மாத்திரை, எந்தத் தேதியில் கண் மஞ்சள், நிறுத்திய பிறகு எந்தத் தேதியில் இறங்கியது. இரண்டு வருடமாகச் சாதுவாக இருந்த கேப்சூல் இரண்டாவது வருடக் கடைசியில் திடீரென்று வில்லனாவது நடக்கவே நடக்காது என்று சொல்லமாட்டேன். ஆனால் போலீஸ்காரர் முதலில் தெருவுக்குப் புதிதாக வந்தவரைத்தானே விசாரிப்பார்? உங்கள் கடிதத்தில் புதிதாக வந்தவர் "அவ்வளவுதான்" என்ற சொல்லுக்கு முன்னால் நிற்கிறார்.

அந்த ஆன்டிபயாடிக் அட்டை இருக்கிறதா என்று கேட்டேன். ஃபிரிட்ஜ் மேல் பிஸ்கட் டப்பாவில் தேடி எடுத்துப் படித்தீர்கள்: அமாக்சிசிலினும் கிளாவுலானிக் அமிலமும் சேர்ந்தது. எனக்குப் பாதி விடை கிடைத்துவிட்டது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் மருத்துவர் சீட்டில் எழுதும் மருந்துகளில் கல்லீரலை அதிகம் பேருக்குப் பாதிப்பது இந்த ஜோடிதான். (நம் நாட்டில் அந்த முதலிடம் காசநோய் மாத்திரைகளுக்கு.) இது பித்தத்தைத் தேக்கும் விதமே தனி. மாத்திரையை முடித்து, பல் வலியை மறந்து, இரண்டு மூன்று வாரம் கழித்துத்தான் கண் மஞ்சளாகும். சிலருக்கு ஆறு வாரம்கூட ஆகும். வயதான ஆண்களுக்கு அதிகம். அதனால்தான் எல்லோரும் அன்றைக்குச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் மாத்திரையைப் பிடித்து உலுக்குகிறார்கள். உண்மையான ஆள் ஊரைவிட்டே போயிருப்பான்.

அப்படியானால் போன இதழில் நான் எழுதியது பொய்யா? இல்லை. இதே வகையைச் சேர்ந்த டாக்சசோசினின் மருந்துக் குறிப்பில் "மிக அரிது" என்ற தலைப்பின் கீழ்ப் பித்தத் தேக்கம், கல்லீரல் அழற்சி, மஞ்சள் காமாலை மூன்றும் இருக்கின்றன. அல்ஃபுசோசின் சந்தைக்கு வந்த பிறகு செல் பாதிப்பு, பித்தத் தேக்கம் இரண்டு விதத்திலும் சிலருக்குக் காமாலை வந்து மருந்தை நிறுத்தியிருக்கிறார்கள், அதன் குறிப்பிலும் அது உண்டு. சிலோடோசின் குறிப்பிலும் காமாலை என்ற சொல் இருக்கிறது. கோடிக்கணக்கானவர்கள் சாப்பிடும் மருந்துகளில் விரல்விட்டு எண்ணும் சம்பவங்கள். இந்தக் குடும்பத்தில் டாம்சுலோசின்தான் கொஞ்சம் நல்ல பிள்ளை. கல்லீரல் லேசாகவோ நடுத்தரமாகவோ பழுதானவர்களுக்குக்கூட அதன் அளவைக் குறைக்க வேண்டியதில்லை. அல்ஃபுசோசின் அப்படி அல்ல, நடுத்தரப் பழுதுக்கே அது கூடாது. இரண்டு அட்டையும் பார்க்க ஒன்று போல இருக்கும், பெயரைப் படித்துவிட்டுப் பேசுங்கள்.

உங்கள் மருத்துவர் டாம்சுலோசினை மறுபடி தொடங்கினார், அரிப்புக்குக் கொலஸ்டிரமின் பொடி கொடுத்தார். அந்தப் பொடி குடலில் மற்ற மாத்திரைகளையும் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆகவே மற்றவற்றை அதற்கு ஒரு மணி நேரம் முன்போ, நான்கிலிருந்து ஆறு மணி நேரம் பின்போ கொடுங்கள். ரத்தம் உறையும் நேரத்தையும் பார்க்கச் சொல்லியிருந்தேன். பித்தம் குடலுக்கு வராவிட்டால் கொழுப்பில் கரையும் வைட்டமின் கே உடம்பில் ஏறாது, ரத்தம் உறையத் தாமதமாகும். நேற்று நீங்கள் பேசியபோது பிலிருபின் 3.1 என்றீர்கள். கேப்சூலைச் சாப்பிட்டுக்கொண்டே இறங்கியிருக்கிறது, அதுவே அதற்கு நற்சான்று. இனி எந்தச் சீட்டு எழுதினாலும், பல் டாக்டரிடமும்கூட, அமாக்சிசிலின்–கிளாவுலானிக் அமிலம் ஆகாது என்று முதலில் சொல்லுங்கள். இரண்டாவது தடவை வந்தால் முதல் தடவை போல இரக்கம் காட்டாது.

அம்மா, நான் கோவையில் பி.பார்ம் மூன்றாம் வருடம் படிக்கிறேன். ஆல்ஃபா ஏற்பியைத் தூண்டினால் பித்தநீர் அதிகமாகச் சுரக்கிறது என்று ஓர் ஆராய்ச்சியைப் படித்தேன். அப்படியானால் ஆல்ஃபா பிளாக்கர் அதைக் குறைத்துத்தானே ஆக வேண்டும்? தர்க்கம் சரிதானே?

தர்க்கம் சரி தம்பி. உடம்புதான் தர்க்கம் படித்ததில்லை.

நீ படித்தது 2004-ல் வந்த ஆராய்ச்சி என்று நினைக்கிறேன், டெக்சாஸில் ஜியான்ஃபிராங்கோ அல்பினியின் குழு செய்தது. கொஞ்சம் பின்னால் போய்த் தொடங்குவோம். 1948-ல் ஜார்ஜியாவில் ரேமண்ட் ஆல்க்விஸ்ட் என்பவர் அட்ரினலின் வகைப் பொருள்களை ஒவ்வோர் உறுப்பிலும் சோதித்து, எது அதிக வீரியம், எது குறைவு என்று வரிசை போட்டார். எல்லா உறுப்புக்கும் ஒரே வரிசை வரவில்லை, இரண்டு வரிசைகள் வந்தன. அப்படியென்றால் இந்தப் பொருள்கள் சாவி போல வந்து பொருந்தும் பூட்டும், அதாவது ஏற்பியும், இரண்டு விதமாக இருக்க வேண்டும் என்றார். ஆல்ஃபா, பீட்டா என்று பெயர் வைத்தார். முதலில் அனுப்பிய இதழ் கட்டுரையைத் திருப்பி அனுப்பிவிட்டது, வேறோர் இதழ்தான் வெளியிட்டது. இன்று நீ மனப்பாடம் செய்யும் பாதிப் பாடம் அந்தத் திருப்பி அனுப்பிய கட்டுரைதான்.

அப்புறம் பித்தநீர். நாளொன்றுக்கு அரை லிட்டருக்கு மேல் சுரக்கிறது, அதை இரண்டு கைகள் செய்கின்றன. கல்லீரல் செல் பித்த உப்பை ஒரு பம்பு வைத்து நுண்குழாய்க்குள் தள்ளுகிறது, தண்ணீர் அதன் பின்னாலேயே போகிறது. இது முதல் கை. அங்கிருந்து பித்தநாளத்தின் சுவர்ச் செல்கள் பைகார்பனேட்டும் தண்ணீரும் சேர்த்து அதை நீர்க்க வைக்கின்றன. இது இரண்டாவது கை, அதற்கு உத்தரவு போடுவது செக்ரெடின் என்ற குடல் ஹார்மோன். 1902-ல் பேலிஸும் ஸ்டார்லிங்கும் கண்டுபிடித்த அதே செக்ரெடின்.

டெக்சாஸ்காரர்கள் எலிகளின் பித்தநாளத்தைக் கட்டிவிட்டார்கள். கட்டினால் நாளச் சுவர்ச் செல்கள் பெருகும். அந்த எலிகளுக்குச் செக்ரெடினோடு ஃபீனைலெஃப்ரினும் கொடுத்தார்கள். ஜலதோஷ மாத்திரையில் மூக்கடைப்புக்குச் சேர்க்கிறார்களே, அதே சரக்கு, ஆல்ஃபா-1 ஏற்பியைத் தட்டுவது. செக்ரெடினால் வரும் பித்த ஓட்டம் இன்னும் கூடியது. பீட்டா-1-ஐத் தட்டும் டோபுடமின் அதைச் செய்யவில்லை. செல்லுக்குள் கால்சியம் ஏறி, அது செக்ரெடினின் வேலைக்கு உரம் போடுகிறது என்று வழியையும் காட்டினார்கள். அழகான ஆராய்ச்சி.

இப்போது உன் தாவலைப் பார். அந்த எலிக்கு வெளியிலிருந்து தூண்டுபொருள் கொடுத்தபோது ஓட்டம் கூடியது. தூண்டாமல் சும்மா இருக்கும் மனிதனின் பித்தநாளத்தில் அந்த ஏற்பி எவ்வளவு வேலை செய்துகொண்டிருக்கிறது என்பதை அந்தச் சோதனை அளக்கவே இல்லை. வேலையே செய்யாத ஆளை வேலைநீக்கம் செய்தால் ஆபீஸுக்கு என்ன நஷ்டம்? ஆனால் "அது எலிதானே" என்று ஒரேயடியாகத் தள்ளவும் வேண்டாம். எலியின் பித்தநீரில் நாளச் சுவரின் பங்கு பத்தில் ஒன்றுதான், மனிதரில் அதைவிடப் பல மடங்கு அதிகம். எலி நம்மைவிடக் குறைத்துத்தான் காட்டுகிறது.

மருந்துகள் பித்தத்தை உண்மையில் தேக்கும் வழிகள் வேறு. ஒன்று, அந்தப் பித்த உப்புப் பம்பையே அடைப்பது. சர்க்கரை நோய்க்கு வந்த டிரோக்ளிடசோன் அந்தப் பம்பை அடைப்பதாகப் பின்னால் கண்டார்கள். கல்லீரல் செயலிழப்புச் சம்பவங்களால் 2000-ல் அமெரிக்கச் சந்தையிலிருந்து அதை எடுத்துவிட்டார்கள். இன்னொன்று, உடம்பின் எதிர்ப்புச் சக்தி மருந்தை அந்நியன் என்று நினைத்துப் பித்தநாளத்தைத் தாக்குவது, மன்னார்குடி அப்பாவுக்கு நடந்தது இந்த ரகம். மூன்றாவது உன் வயதுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியது: ஜிம்மில் புஜம் ஏற்ற விற்கும் அனபாலிக் ஸ்டீராய்டு. எஸ்.ஜி.பி.டி. பெரிதாக ஏறாது, பிலிருபின் மட்டும் இருபது முப்பது என்று போகும், பையன் மாதக்கணக்கில் சொறிந்துகொண்டே இருப்பான். புராஸ்டேட் கேப்சூலைவிட இதைப் பற்றி உன் விடுதி நண்பர்களுக்குச் சொல்.

கல்லீரலில் தழும்பு விழுந்திருக்கிறது என்றார்கள். டாக்சசோசின் அதைக் கரைக்கும் என்று மருமகன் சொல்கிறார். வாங்கிச் சாப்பிடலாமா? — நாகர்கோவில் வாசகர்

சாப்பிடக் கூடாது. மருமகன் சொன்னதில் அடிப்படை இருக்கிறது, அதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் வீட்டில் சண்டை வரும்.

கல்லீரலில் தழும்பு நாரை நெய்வது ஸ்டெல்லேட் என்ற நட்சத்திர வடிவச் செல். ஆல்ஃபா ஏற்பியைத் தூண்டும் நார்அட்ரினலின் பட்டால் அது பெருகுகிறது, அந்த நார்அட்ரினலினைத் தானே தயாரித்தும் கொள்கிறது என்று 2004-ல் ஆனா மே டீல் குழுவினர் காட்டினார்கள். பிரசோசின் என்ற ஆல்ஃபா பிளாக்கர் போட்டால் அந்தப் பெருக்கம் அடங்கியது. பின்னர் மெக்சிகோவில் கார்பன் டெட்ராகுளோரைடு கொடுத்துக் கல்லீரலைக் கெடுத்த ஹாம்ஸ்டர்களுக்கு டாக்சசோசின் கொடுத்தபோது தழும்பு குறைந்தது. எல்லாம் விலங்குகளில்.

மனிதருக்கு வந்தபோது கதை கசந்தது. 1995-ல் கல்லீரல் சுருங்கிய (சிரோசிஸ்) நோயாளிகளுக்கு மூன்று மாதம் பிரசோசின் கொடுத்துப் பார்த்தார்கள். குடலிலிருந்து கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுவரும் சிரையில் அழுத்தம் குறையத்தான் செய்தது. கூடவே ரத்த அழுத்தமும் இறங்க, சிறுநீரகம் பயந்துபோய் உப்பையும் தண்ணீரையும் பிடித்து வைத்துக்கொண்டது. சிலருக்குக் கால் வீங்கியது, வயிற்றில் நீர் சேர்ந்தது. கல்லீரல் நோயாளிக்கு வயிற்று நீர் என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆல்ஃபா தடுப்பு இன்று கல்லீரல் மருத்துவத்தில் உயிரோடு இருப்பது கார்வெடிலோல் என்ற மருந்துக்குள். அது பீட்டாவைத் தடுக்கும், கொஞ்சம் ஆல்ஃபாவையும் தடுக்கும். நிலை இன்னும் முற்றாத சிரோசிஸில் அந்தச் சிரை அழுத்தம் கூடியிருந்தால் அதைத்தான் முதலில் யோசிக்கிறார்கள். உங்களுக்கு அது தேவையா என்பதை எண்டோஸ்கோப்பியும் மருத்துவரும் முடிவு செய்யட்டும், மருமகன் வேண்டாம்.

என் அம்மாவுக்கு பி.பி.க்குப் பிரசோசின் எழுதியிருக்கிறார்கள். மருந்துக்கடைத் தம்பி, "இது ஆம்பளைங்க மாத்திரை ஆச்சே" என்று சிரிக்கிறான். டாக்டர் தவறிவிட்டாரா? — ஈரோடு

தவறவில்லை. இந்தக் குடும்பம் முதலில் பி.பி.க்குத்தான் வந்தது, புராஸ்டேட் பின்னால் கிடைத்த வேலை. 2000-ல் அமெரிக்காவில் ஆல்ஹாட் என்ற பெரிய ஆய்வில் டாக்சசோசின் சாப்பிட்டவர்களுக்கு, பழைய சிறுநீர் மாத்திரை சாப்பிட்டவர்களைவிட இதயச் செயலிழப்பு இரண்டு மடங்கு வந்ததால் அந்தப் பிரிவை நடுவிலேயே நிறுத்திவிட்டார்கள். அதிலிருந்து பி.பி.க்கு இது முதல் மாத்திரை இல்லை, மூன்றாவது நான்காவதாகச் சேர்ப்பது. அம்மாவுக்குச் சிறுநீரகக் கோளாறு இருக்கிறதோ? அப்படியானால் அடிக்கடி எழுதுவார்கள். முதல் மாத்திரையைப் படுக்கப் போகும்போது சாப்பிடச் சொல்லுங்கள். ராத்திரி எழுந்தால் கட்டில் ஓரத்தில் ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு நிற்கட்டும், தலை சுற்றி விழுந்து இடுப்பு முறிந்த கதைகள் உண்டு. இன்னொன்று: இருமினால், தும்மினால் மூத்திரம் கசிகிறது என்று அம்மா சொல்லாமல் மறைக்கலாம். அது வயதால் அல்ல, மாத்திரையால் இருக்கலாம். தனியாகக் கேளுங்கள்.

எந்த மருந்தால் காமாலை வந்தாலும் கீழாநெல்லி இருக்கும்போது என்ன பயம்? — திருவண்ணாமலை வாசகர்

என் பாட்டி கீழாநெல்லியை மோரில் அரைத்துக் கொடுப்பார், உப்பில்லாமல், எண்ணெய் இல்லாமல் பத்து நாள் பத்தியம். எனக்கும் எட்டு வயதில் காமாலை வந்து சரியானது. குழந்தைகளுக்கு வரும் காமாலையில் பெரும்பகுதி அசுத்தத் தண்ணீரால் வரும் ஹெபடைடிஸ் ஏ. அது கீழாநெல்லி கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் தானே போகும். நல்ல பெயர் கீழாநெல்லிக்குப் போகும்.

ஆனாலும் கிண்டல் செய்து ஒதுக்கும் மூலிகை அல்ல அது. சென்னையில் தியாகராஜன் குழுவினர், நோபல் பரிசு பெற்ற பாரூக் பிளம்பெர்கையும் சேர்த்துக்கொண்டு, ஹெபடைடிஸ் பி கிருமியைச் சுமப்பவர்களுக்கு 30 நாள் கீழாநெல்லிப் பொடி கொடுத்து 1988-ல் லான்செட் இதழில் எழுதினார்கள். மூலிகை சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் அந்தக் கிருமியின் அடையாளம் மறைந்தது, வெறும் பொடி சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான். அந்தக் கட்டுரை வந்தபோது எங்கள் துறையில் அதைக் கைக்குக் கை மாற்றிப் படித்தோம். பிறகு வேறு இடங்களில் செய்துபார்த்தவர்களுக்கு அந்தப் பலன் வரவில்லை. அது வேதனைதான், ஆனால் அதுதான் நடந்தது. அந்த ஆய்வும் கிருமியைப் பற்றியது. கல் அடைத்த பித்தநாளத்தையோ கட்டி நெரிக்கும் நாளத்தையோ எந்த இலையும் திறக்காது. மூன்று வாரம் கீழாநெல்லி குடித்துவிட்டு ஸ்கேனுக்கு வருகிறவர்கள் அந்த மூன்று வாரத்தைத்தான் இழக்கிறார்கள்.

மூலிகை என்றாலே சாது என்றும் நினைக்க வேண்டாம். கொரோனா காலத்தில் எதிர்ப்புச் சக்திக்கு என்று சீந்தில் கஷாயம் குடித்து, கல்லீரல் பாதிப்போடு வந்தவர்களைப் பற்றி மும்பை மருத்துவர்கள் 2021-ல் எழுதினார்கள். மருந்தோ மூலிகையோ, சாப்பிட்டுக் காமாலை வந்தால் மருத்துவர் மட்டும் அல்ல, நீங்களே தெரிவிக்க அரசு மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் இலவச எண் இருக்கிறது: 1800-180-3024. கூப்பிட்டுச் சொல்லுங்கள். "மிக அரிது" என்று நாங்கள் எழுதும் சொல்லுக்குப் பின்னால் இருப்பது இப்படி யாரோ ஒருவர் மெனக்கெட்டுச் சொன்னதுதான்.

பித்தம் தலைக்கேறுவது என்கிறார்களே, இந்தப் பித்தநீர்தான் ஏறுகிறதா? — ஏழாம் வகுப்பு மாணவி, தேனி

இல்லை கண்ணு. சித்த வைத்தியத்தில் வாதம், பித்தம், கபம் என்பவை உடம்பின் மூன்று தன்மைகள். அந்தப் பித்தம் வேறு, கல்லீரல் சுரக்கும் பச்சை மஞ்சள் நீர் வேறு. இந்த நீர் கீழே குடலுக்குத்தான் போகும். வாந்தி எடுக்கும்போது கசக்கிறதே, அது மட்டும் இதுதான்.

கண்புரை ஆபரேஷனுக்கு முன்னால் புராஸ்டேட் மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார்கள். கண்ணுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? — ஓய்வுபெற்ற தபால்காரர், காரைக்குடி

கேட்டார்களா? நல்ல மருத்துவமனை ஐயா, விடாதீர்கள்.

கண்மணியைச் சுற்றியுள்ள கருவிழித் திரையைத் திறந்து வைக்கும் தசையிலும் அதே ஆல்ஃபா-1 ஏற்பி இருக்கிறது. டாம்சுலோசின் அதையும் தளர்த்திவிடும். ஆபரேஷன் நடுவே கண்மணி சுருங்கும், திரை காற்றில் ஆடும் துணி மாதிரி படபடத்துக் கருவி பக்கம் வரும். 2005-ல் கலிபோர்னியாவில் டேவிட் சாங், ஜான் கேம்பெல் இருவரும் இதைக் கவனித்து எழுதினார்கள். ஆபரேஷனுக்கு முன்னால் மாத்திரையை நிறுத்தினாலும் பலன் நிச்சயமில்லை. முன்பே தெரிந்தால் போதும், டாக்டர் அதற்கு ஏற்ற ஏற்பாட்டோடு நிற்பார்.

எங்கள் வீட்டுக்காரருக்கு முதல் கண் ஆபரேஷனின்போது சேர்க்கைப் படிவத்தில் "சர்க்கரை, பி.பி., ரத்தம் உறையாமை மாத்திரை" என்று மூன்று கட்டம்தான் இருந்தது. மூன்றிலும் "இல்லை" என்று எழுதியது நான், முப்பத்தோரு வருடம் பாடம் நடத்தியவள். கேப்சூல் நினைவுக்கே வரவில்லை. இருபது நிமிடம் என்று சொல்லி உள்ளே போனவர் ஒரு மணி நேரம் கழித்து வந்தார். பார்வைக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் வெளியே வந்த டாக்டரின் முகத்தைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. இரண்டாவது கண்ணுக்குப் போகும்போது அவர் என்னை நம்பவில்லை. மாத்திரை அட்டையையே சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனார். டாக்டர் அதை வாங்கித் திருப்பிப் படித்துவிட்டு, கருவிழியைப் பிடித்து நிறுத்தும் குட்டிக் கொக்கிகளை எடுத்து வைக்கச் சொன்னார். நான் கேண்டீனில் வாங்கிய காபி ஆறுவதற்குள் வெளியே வந்துவிட்டார்.